தூமகேதுவும் ஞானரதமும்: பாரதியின் 1910ஆம் ஆண்டுக் கவிதை ஒன்றின் காலமும் வகைமையும்

தமிழ் அறிவியல் புனைகதைக்கு முன்னோடி தேடுவோர் பாரதியிடம் வந்ததும் தவறாமல் ஞானரதத்தில் ஏறிக்கொள்கிறார்கள். 1910இல் நூலான அந்த உரைநடைப் படைப்பில் ஓர் ஊர்தி உண்டு. அது வேற்றுலகங்களுக்குப் போய்வருகிறது. எனவே சுஜாதாவுக்கு அரை நூற்றாண்டு முன்பே தமிழில் விண்பயணக் கதை தோன்றிவிட்டது என்று வாதம் முடிகிறது. முன்னோடிக் கதைகளைத் திரட்டி ஒரு தொகுதி போட வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதற்பக்கத்துக்கு ஞானரதத்தின் பகுதி ஒன்றே முன்மொழியப்படுகிறது. அந்த இடத்துக்கு உரியது வேறொரு பாரதி படைப்பு என்பது என் வாதம். அதே 1910இல் புதுச்சேரியிலிருந்து அவர் எழுதிய ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ அது. அது கவிதையாயிற்றே என்ற தடைக்குப் பிறகு வருகிறேன்.

ஞானரதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆசிரியர் விரும்பியவுடன் ரதம் புறப்படுகிறது, விரும்பிய இடத்தில் நிற்கிறது. அது எப்படி இயங்குகிறது என்ற கேள்வி நூலில் எங்கும் எழுவதில்லை. எழ வேண்டிய தேவையும் இல்லை. உபசாந்தி லோகத்தின் வாயிலில் மனம் உள்ளே நுழைய முடியாமல் திணறும் பகுதி அகவாழ்வைப் பற்றிய உருவகமாக அபாரமானது. ஆனால் உருவகம் வேறு, கருதுகோள் வேறு. ஜகதீஷ் சந்திர போஸ் 1896இல் வங்காளியில் எழுதிய கதையில் ஒரு புட்டித் தலைத்தைலம் கடற்புயலை அடக்குகிறது. வேடிக்கைதான் என்றாலும் எண்ணெய் நீர்ப்பரப்பில் என்ன செய்யும் என்ற இயற்பியல் அதற்கு அடியில் இருக்கிறது. வங்க எழுத்தாளர் ரொக்கேயா ‘சுல்தானாவின் கனவு’ கதையை 1905இல் சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மாகஸின்’ இதழில் வெளியிட்டார். அதில் சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவி வருகிறது, மேகத்திலிருந்து நீரிறக்கும் பலூன் வருகிறது. இரண்டாவது கதை முழுக்கவே கனவு. ஆகவே ஞானரதம் கனவுபோல் இருப்பதால் அதை நான் விலக்கவில்லை. அதன் ரதத்துக்கு அச்சாணி இல்லை என்பதால் விலக்குகிறேன்.

இனித் தூமகேது. இக்கவிதைக்கு இதுவரை இரண்டு வகையான வாசிப்புகள் வழங்கி வந்திருக்கின்றன. ஒன்று, இதில் அறிவியலும் நம்பிக்கையும் கலந்து கிடக்கின்றன, பாரதியால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை என்பது. மற்றொன்று இதை அரசியல் குறியீடாகக் கொள்கிறது: வானத்தில் தோன்றியது விடுதலையின் முன்னறிவிப்பு, வரப்போகும் புதுமை சுயராஜ்யம். இரண்டாவது வாசிப்புக்குச் சூழல் துணை நிற்கிறது. 1910 பிப்ரவரியில் பத்திரிகைச் சட்டம் வந்தது. மார்ச்சில் பாரதியின் ‘இந்தியா’ இதழ் நின்றுபோயிற்று. ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் புதுச்சேரியில் கரையிறங்கினார். இவற்றுக்கிடையே வானத்தில் ஒரு வால்நட்சத்திரம் வந்தால் அதைக் குறியாகக் காணாத அரசியல் கவிஞன் இருக்க முடியாது. இருந்தும், இரண்டு வாசிப்புகளும் ஒன்றைச் செய்யத் தவறின: கவிதை சொல்லும் வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கவிதையின் தொடக்கத்தில் மூன்று தகவல்கள் கிடைக்கின்றன. தூமகேது கிழக்கில் தெரிகிறது. அதனருகே வெள்ளி இருக்கிறது. அதன் வால் பூமியைத் தொட்டுச் செல்லும், ஆனால் எளியவர்க்குத் தீங்கு எதுவும் நேராது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். தலைப்பு நான்காவது தகவலைத் தருகிறது. சாதாரண வருஷம் பிறந்தது 1910 ஏப்ரல் நடுவில்.

ஹாலி வால்நட்சத்திரம் அவ்வாண்டு ஏப்ரல் 20 அன்று சூரியனுக்கு மிக அருகில் வந்தது. அதையடுத்த வாரங்களில் விடியற்காலையில் கிழக்கே, அப்போது விடிவெள்ளியாக இருந்த சுக்கிரனுக்குப் பக்கத்தில் காட்சி தந்தது. மே 18, 19 தேதிகளில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே கடந்தது. வால் பூமியைத் தொடும் என்று சொல்லப்பட்ட நாட்கள் அவையே. அதன்பின் அது மாலை வானத்துக்கு, மேற்குக்கு மாறிவிட்டது. கவிதையில் தூமகேது கிழக்கில் நிற்கிறது, வாலின் தீண்டல் இன்னும் நிகழவேண்டியதாகப் பேசப்படுகிறது. இவற்றைச் சேர்த்தால் கவிதை எழுதப்பட்ட காலத்தை ஏப்ரல் இறுதிக்கும் மே 18க்கும் இடைப்பட்ட சுமார் மூன்று வாரங்களுக்குள் நிறுத்தலாம். ‘இந்தியா’ நின்று சுமார் இரண்டு மாதமே ஆன காலம் அது.

அதே ஆண்டு ஜனவரியில் வேறொரு பெரிய வால்நட்சத்திரம் தோன்றியது. 1910ஐ நினைவுகூர்ந்த முதியவர்கள் பலர் உலகெங்கும் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். அதுவும் சுக்கிரனை ஒட்டித்தான் தெரிந்தது, ஆனால் மாலையில், மேற்கில். அதற்கு எழுபத்தைந்தாண்டுச் சுற்றும் கிடையாது. கவிதையில் எழுபத்தைந்து என்ற எண் வெளிப்படையாகவே வருவதால் ஐயத்துக்கு இடமில்லை.

இங்கே கவனிக்கத் தக்க மறுப்பு ஒன்று உண்டு. தூமகேதுவும் வெள்ளியும் சேர்ந்து வருவது தமிழ்ச் செய்யுள் மரபு. அதைக் கண்ட காட்சியாக எடுத்துக்கொள்ளலாமா? பாரி மாண்டபின் கபிலர் பாடிய புறநானூற்று 117ஆம் பாட்டில் சனி புகைவதும் தூமம் தோன்றுவதும் வெள்ளி தெற்கே ஓடுவதும் தீக்குறிகளாக அடுக்கப்படுகின்றன. உ.வே.சா. பதிப்பித்த புறநானூறு 1894இலேயே வெளிவந்துவிட்டது. எனினும் கபிலரின் வெள்ளி தெற்கே போகிறது. பாரதியின் வெள்ளி கிழக்கே நின்று தூமகேதுவோடு நட்புக் கொள்கிறது. மரபைத் திருப்பிச் சொல்கிறவன் திசையை மாற்ற வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தவன் மாற்றித்தான் ஆக வேண்டும். பாரதியின் கவிதைகளில் ஆண்டின் பெயர் தலைப்பில் ஏறினால் அது பதிவு என்று கொள்ள இன்னொரு சான்றும் இருக்கிறது. 1916 நவம்பரில் புதுச்சேரியை உலுக்கிய புயலைப் பாடியபோது நள வருஷம், கார்த்திகை எட்டு, புதன்கிழமை இரவு என்று கிழமை வரை குறித்தார்.

கபிலரிடமிருந்து பாரதி எடுத்துக்கொண்டது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. கபிலரின் பாட்டில் குறிகள் தோன்றினாலும் பாரியின் நாட்டில் வளம் குன்றுவதில்லை. வானத்துக்கும் மண்ணுக்கும் இடையிலான காரணத் தொடர்பை அந்த ‘ஆயினும்’ அறுத்துவிடுகிறது. பாரதியின் கவிதையிலும் திருப்பம் ஓர் ‘ஆயினும்’ மேல்தான் நிற்கிறது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது உன் வழக்கம்தான். ஆயினும் இம்முறை புதுமைகள் விளையும் என்கிறார்களே, அது உண்மையா?

இந்த வாக்கிய அமைப்பே என் வாதத்தின் மையம். கவிதையில் பிறர் கூற்றாகப் பல செய்திகள் வருகின்றன. வால் மிக மெல்லிய வாயுவால் ஆனது, பல கோடி யோசனை நீளமுள்ளது, பூமியைத் தொட்டாலும் தீங்கில்லை என்பன முதலில் வருகின்றன. பாரதி அவற்றைக் கேட்டபடி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதன்பின் இன்னொரு வரிசை: தீயவரைத் தண்டிக்கும், ஆதித் தலைவியின் ஆணைப்படி உலகைத் தூய்மை செய்யும், புதுமைகளைக் கொணரும், சித்திகளையும் ஞானத்தையும் நமக்கு மீட்டுத் தரும். இந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் மெய்யா பொய்யா என்று கேட்கிறார். மொத்தம் நான்கு முறை. முதல் வரிசையில் அக்கேள்வி ஒருமுறைகூட இல்லை. சுற்றுக்காலமோ யாருடைய கூற்றாகவும் வராமல் தூமகேதுவிடமே அதன் இயல்பாகச் சொல்லப்படுகிறது. அறிவியலையும் நம்பிக்கையையும் பிரிக்கத் தெரியாதவர் இப்படி இரண்டு இலக்கணத்தில் எழுதமாட்டார். இரண்டையும் பிரித்து வைத்துவிட்டு இரண்டாவதை முதலாவதின் முன்னால் நிறுத்தி விசாரிக்கிறார்.

அந்த முதல் வரிசைக்கு அப்போது எவ்வளவு துணிவு வேண்டும் என்பதையும் எண்ண வேண்டும். 1910 பிப்ரவரியில் வாலில் சயனோஜன் என்ற நச்சு வாயு இருப்பது நிறமாலையில் தெரிந்தது. அது பூமியின் காற்றில் கலந்து உயிர்களை அழிக்கலாம் என்ற கருத்தைப் பிரெஞ்சு வானியலாளர் கமீய் பிளம்மரியோனின் பெயரில் பத்திரிகைகள் பரப்பின. மேற்கு நாடுகளில் வால்நட்சத்திர மாத்திரை விற்றுப் பணம் பார்த்தவர்களும் உண்டு. வால் மிக மெல்லியது, எனவே தீங்கில்லை என்பதே நிதானமான வானியலாளர்கள் சொன்ன விடை. பின்னர் அதுவே மெய்யானது. புதுச்சேரியில் உட்கார்ந்திருந்த ஒரு பத்திரிகையாளர், பீதி விற்பனையான அந்த மாதத்தில், சரியான பக்கத்தை எடுத்திருக்கிறார்.

இதே பிளம்மரியோன் 1894இல் வால்நட்சத்திரம் ஒன்று பூமியை நோக்கி வருவதை வைத்து உலக முடிவு பற்றிய நாவல் எழுதியவர். எச்.ஜி. வெல்ஸ் 1906இல் வெளியிட்ட நாவலிலோ வால்நட்சத்திரத்தின் வாயு பூமியில் படர, மனிதர்கள் பொறாமையும் போர்வெறியும் நீங்கி எழுகிறார்கள். பாரதியின் நான்கு கேள்விகளும் அழிவில் தொடங்கி ஞானத்தில் முடியும் வரிசை, இந்த இரண்டு நாவல்களுக்கும் இடைப்பட்ட தூரத்தையே கடக்கிறது. அவர் வெல்ஸைப் படித்தாரா என்ற பேச்சுக்குள் நான் இறங்கவில்லை. தாக்கம் நிறுவப்படாமலே ஒப்புமை நிற்கும்: அளந்தறிந்த ஒரு வானியல் நிகழ்வு, அதன் பௌதிகத் தன்மை, அதனால் மனித சமுதாயம் மாறுமா என்ற கேள்வி. அறிவியல் புனைவுக்கு இந்த மூன்றுக்கு மேல் என்ன வேண்டும்? பாத்திரம் வேண்டும், சம்பவம் வேண்டும் என்பார்கள். தூமகேதுவை எதிரே நிறுத்தி வார்த்தை சில கேட்கும் ஒருவர் இக்கவிதையில் இருக்கிறார். அது போதும்.

அரசியல் வாசிப்பை முற்றாகத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அது கவிதையின் நடுவே ஒரு முள்ளைத் தாண்டிப் போகிறது. நம்மவர் தம் நூல்களை மறந்து பல நூறு ஆண்டுகளாகிவிட்டன, உன் இயல்பை அந்நியர் சொல்லித்தான் அறிந்தோம், எங்களுள் தெளிந்தவர் இங்கில்லை என்று பாரதி தூமகேதுவிடமே ஒப்புக்கொள்கிறார். தேசியப் பெருமிதம் பேசும் கவிதையில் இது வர நியாயமில்லை. உண்மையில் அவர் சற்று மிகைப்படுத்தவும் செய்கிறார். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தவர். 1874இன் வெள்ளி இடைமறிப்பைப் பற்றி இந்திய மொழிகளில் விளக்க நூல் எழுதியவர். கோடைக்கானல் ஆய்வகமும் 1899 முதல் இயங்கி வந்தது. தமிழ் மலையொன்றின் மீது தொலைநோக்கி இருந்தும் அதன் பேச்சு தமிழில் வரவில்லை என்பதே பாரதியின் மனக்குறை என்று கொண்டால் மிகைப்படுத்தல் புரிகிறது. காசிப் புலவரின் உரையைக் காஞ்சியில் கேட்கக் கருவி செய்ய வேண்டும் என்று வேறொரு பாட்டில் அவர் கேட்பதும் இக்குறையின் மறுபக்கம்தான்.

இப்படியொரு படைப்பு அறிவியல் புனைவு வரலாற்றாளர் கண்ணில் ஏன் படவில்லை? விடை பாரதியின் எழுத்துகள் பகுக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. பாரதி 1920இல் தம் புதுச்சேரி வாசத்தில் குவிந்த கையெழுத்துப் படிகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதியாக அச்சிடத் திட்டமிட்டு, முதற்செலவு இருபதாயிரம் ரூபாய் என்று கணக்குப் போட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். பணம் சேரவில்லை, அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார். நாற்பது நூல்களும் பின்னாளில் வேறு கைகளால் வேறு பகுப்பில் வந்தன: கவிதை ஒரு பக்கம், கதை ஒரு பக்கம், கட்டுரை ஒரு பக்கம். தூமகேது ‘தனிப் பாடல்க’ளுக்குள் போயிற்று, ஞானரதம் உரைநடைக்குள் போயிற்று. கதைத் தொகுதி தயாரிப்பவர் கதைப் பகுதியைத்தான் புரட்டுவார். பதிப்பாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. நூல் கைக்குக் கிடைக்கச் செய்ததே பெரிய காரியம். ஆனால் அந்தப் பகுப்பைப் பாரதியின் பகுப்பாகக் கொண்டு ஒரு வகைமையின் தோற்றத்தைத் தீர்மானிப்பது சரியல்ல.

தாமதமும் பிறர் கையும் ஒரு தொகுதியை என்ன செய்யும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஹார்லன் எலிசன் 1967இலும் 1972இலும் ‘டேஞ்சரஸ் விஷன்ஸ்’ வரிசையில் இரண்டு அறிவியல் சிறுகதைத் தொகுதிகளைக் கொண்டுவந்தார். மூன்றாவது, ‘தி லாஸ்ட் டேஞ்சரஸ் விஷன்ஸ்’, எழுபதுகளில் வந்துவிடும் என்று அறிவித்தார். நூற்றுக்கு மேற்பட்ட கதைகள் வாங்கப்பட்டன. காத்திருந்து சலித்த எழுத்தாளர்கள் பலர் தங்கள் கதைகளைத் திரும்பப் பெற்று வேறிடத்தில் வெளியிட்டார்கள். பலர் இறந்தே போனார்கள். கிறிஸ்டபர் பிரீஸ்ட் இந்தத் தாமதத்தை மட்டுமே பொருளாக்கி ஒரு நூல் எழுதினார். எலிசன் 2018இல் மறைந்தார். ஜே. மைக்கேல் ஸ்டிராசின்ஸ்கி பொறுப்பேற்று 2024இல் தொகுதியை வெளியிட்டபோது பழைய பட்டியலின் ஒரு பகுதியே அதில் எஞ்சியிருந்தது. இளைய எழுத்தாளர்களின் புதிய கதைகள் சேர்க்கப்பட்டிருந்தன. தலைப்பு எழுபதுகளுடையது, உள்ளடக்கத்தில் ஒரு பகுதி பின்னாளின் முடிவு. பாரதியின் நாற்பது நூல்களுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுதான். அங்கே அசல் பட்டியல் அச்சில் இருப்பதால் எது மாறியது என்று எல்லோருக்கும் தெரிகிறது. இங்கே அப்படிப்பட்ட பட்டியலை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சிறுகதைத் தொகுதியில் கவிதைக்கு இடமேது என்ற தடை எஞ்சுகிறது. 1910இல் தமிழ்ச் சிறுகதை தன் வடிவத்தையே இன்னும் தேடிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு புதுச்சேரியிலிருந்து தனிச் சிறு நூலாக வந்து, 1911இல் சென்னை அரசால் தடை செய்யப்பட்ட பாரதியின் ‘ஆறில் ஒரு பங்கு’ கதையா, பிரசாரமா என்பதில் இன்றும் இரு கருத்து உண்டு; இருந்தும் தமிழ்ச் சிறுகதைத் தொகுப்புகள் அதைத் தயங்காமல் சேர்த்துக்கொள்கின்றன. அதற்குத் தரும் சலுகையைத் தூமகேதுவுக்கு மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. சேர்க்கும்போது தலைப்பின்கீழ் ‘புதுச்சேரி, 1910 ஏப்ரல் இறுதி – மே 18’ என்று தேதியும் போட்டுவிடலாம்.