பிரட்டுக்களமும் வழங்கியின் வாசலும்

இரத்தினபுரி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் வாசிப்பார். வந்தவர், வராதவர் விபரம் செக்ரோலில் ஏறும். மாலையில் கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' விழும். அதாவது அரைநாட் சம்பளம்.

பல்லாண்டுகளின் பின், எங்கள் பத்திரிகை அலுவலகத்தின் வழங்கிக் கணினி முடங்கிய ஓர் இரவில் அந்தச் செக்ரோல் நினைவுக்கு வந்தது. பொறுப்பாயிருந்த இளைஞர் 'நெட்ஸ்டாட்' என்ற கட்டளையை இட்டார். திரையில் வரிசையாகத் தொடர்புகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் நிலை.

இந்நிலைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1981 செப்டெம்பரில் வெளியான டிசிபி விதிமுறை, ஒரு தொடர்புக்கு 11 நிலைகளை வகுத்தது. வருபவர் தட்டுகிறார், வழங்கி 'வரலாம்' என்கிறது, வருபவர் 'வந்தேன்' என்று உறுதிசெய்தால்தான் தொடர்பு முழுமையடையும். மூன்றாவது செய்தி வராதவரை அது அரைப்பேர்தான்.

1996 செப்டெம்பரில் நியூயோர்க்கின் பேனிக்ஸ் இணையச்சேவை நிறுவனத்தை வீழ்த்தியவை இத்தகைய அரைப்பேர்களே. பொய் முகவரிகளிலிருந்து தட்டல்கள் குவிந்தன. மூன்றாவது செய்தி வரவேயில்லை. காத்திருப்போர் பட்டியல் நிரம்பியதால் உண்மையான வாடிக்கையாளர் வெளியே நின்றனர். எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. பட்டியலில் இடம் ஒதுக்காமலே, பதிலில் அனுப்பும் எண்ணைக் கொண்டு வருபவரைச் சரிபார்க்கும் உபாயத்தை டானியல் பெர்ன்ஸ்டைன் அதே மாதத்தில் முன்வைத்தார்.

எங்கள் வழங்கியில் கண்டதோ வேறு. 'குளோஸ் வெயிட்' என்ற நிலையில் தொடர்புகள் மலிந்திருந்தன. மறுமுனை விடைபெற்றுவிட்டது, எமது மென்பொருள்தான் கதவைச் சாத்தாமல் இருந்தது. தாக்குதல் என்று பதறிய நாங்கள் நாணினோம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இவ்வுண்மை புலப்படாது. அடுத்த செய்கை யாருடைய கடமை என்பதை நிலைதான் சொல்லும்.

மலையகத்தவன் இதை எளிதில் உணர்வான். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிப்பதாக விட்டார்கள். அவர்களைச் சரிபாதியாகப் பிரிக்கும் முடிவு 1974 இல்தான் வந்தது. அதன் பின்னும் நாடற்றோராய் எஞ்சியோருக்காக 2003 இல் தனிச்சட்டம் தேவைப்பட்டது.

அத்தனை காலமும் அவர்கள் நாள்தோறும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்லும் கடமை மறுமுனைக்கே இருந்தது.