தோம்பில் ஏறிய பெயர்

பதிவேட்டுக்கு யாழ்ப்பாணத்தில் முன்பு வழங்கிய சொல் 'தோம்பு'. போர்த்துக்கேயரின் 'தொம்போ' என்பதன் தமிழ் வடிவம் அது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சொல்லையும் விடவில்லை, முறையையும் விடவில்லை.

காணிக்கு ஒரு தோம்பு. அதனோடு பாடசாலைத் தோம்பும் இருந்தது. (நமது வகுப்பு இடாப்பு என்று எண்ணிவிடாதீர்கள்!) ஞானஸ்நானமும் விவாகமும் அதிலேதான் ஏறின. முதுசம் யாருக்கு என்று வழக்கு எழுந்தால் அந்த ஏடே சாட்சி. ஆகவே, வீட்டில் சைவராய் வாழ்ந்தோரும் பிள்ளையின் பெயரை அங்கே பதிவித்தனர். இதனை மதம் மாறியோர் கணக்கென்பது பொருந்தாது. காணி காத்தோர் கணக்கென்றே நான் கொள்வேன். 1795இல் ஆங்கிலேயர் வந்தபின் கட்டாயம் தளர்ந்தது. ஏட்டில் கிறிஸ்தவராயிருந்த பலர் வெளிப்படையாகவே கோயிலுக்குப் போயினர். தோம்பு என்ற சொல் பழைய காணி உறுதிகளில் தங்கிவிட்டது.