கட்டாரியில் ஒரு யாளி

இளம்பிள்ளைத் தறிக்காரரிடம் ஒரு சேலைக் கரையைக் காட்டுங்கள். அதில் இருப்பது அன்னமா, மயிலா என்று கழுத்து வளைவைப் பார்த்தே சொல்லிவிடுவார். பழைய ஆயுதங்களைப் பார்ப்பதற்கும் அப்படிப்பட்ட கண்தான் வேண்டும். நாமோ கூர்மையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஜப்பானியர் இதில் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய வாளில் பிடிக்கும் அலகுக்கும் நடுவே, கையைக் காக்க உள்ளங்கை அளவில் ஒரு தகடு உண்டு. 'த்சுபா' என்று பெயர். அதில் தும்பி பறந்தால் வெற்றிக்கு அடையாளம், தும்பி பின்வாங்காதாம்! வட்டத்துக்குள் மூன்று இலைகள் இருந்தால் அது டோக்குகாவா குலத்தின் சின்னம். 1876-இல் அங்கே பொது இடங்களில் வாள் தரிக்கத் தடை வந்தது. வேலையற்றுப்போன தகடுகள் கப்பலேறி ஐரோப்பியச் சீமான்களின் கண்ணாடிப் பெட்டிகளில் அமர்ந்தன. எந்த ஊர், எந்தக் கொல்லர் வழி என்றெல்லாம் ஆராய்ந்து எழுதி வைத்தார்கள்.

நம் கதை வேறு. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றிக் காலமானார். அரசு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பிறகு ஆயுதசாலையையும் கலைத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்துக்கென்று சிலவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள். மிச்சத்தில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்த ஆயுதசாலையைப் பற்றி 1878-இல் கட்டுரை எழுதியிராவிட்டால் இதுகூட நமக்குத் தெரிந்திராது. நிறுத்துப் போடும்போது யாளியாவது மகரமாவது!

தப்பிப் பிழைத்தவற்றில் கட்டாரிகள்தாம் கண்ணைப் பறிக்கின்றன. குறுக்குப் பிடியைப் பற்றிய கையின் மேல், படமெடுத்த நாகம் போலவோ சிப்பி போலவோ ஒரு தகடு கவிந்திருக்கும். அலகு பல சமயம் ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கு. ஆகவே கட்டாரி யாருடையது என்பதை அலகிடம் கேட்டுப் பயனில்லை. பிடியிடந்தான் கேட்க வேண்டும்.

அங்கே பூவேலைக்கு நடுவே ஒரு மிருக முகம் எட்டிப் பார்க்கும். அவசரக்காரர் சிங்கம் என்பார். சற்றுப் பொறுங்கள். பிதுங்கிய விழியும் கோரைப் பல்லும், சில வேளைகளில் துதிக்கையும் இருந்தால் அது யாளி. மூக்கு மேல்நோக்கிச் சுருண்டு, வால் இலைக்கொடியாகக் கரைந்து போனால் மகரம். இதைக் கற்றுக்கொள்ளப் புத்தகமும் வேண்டியதில்லை. இளம்பிள்ளைக்கு அருகே தாரமங்கலத்தில், கெட்டி முதலிகள் எடுப்பித்த கைலாசநாதர் கோயில் இருக்கிறது. அங்குள்ள யாளியின் வாயில் உருளும் கல் உருண்டையை எல்லோரும் விரலால் தள்ளிப் பார்க்கிறார்கள். அப்படியே அந்தக் கண்ணையும் பல்லையும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். கட்டாரிப் பிடியில் கட்டைவிரல் அளவில் செதுக்கியிருப்பதும் அதே யாளிதான்.