சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வு: எந்த வயதில் எழுதுவது?

உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதிநகரில் 1962 முதல் இயங்கிவருகிறது சைனிக் பள்ளி. பாதுகாப்பு அமைச்சராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனனின் முயற்சியால் 1961இல் தொடங்கப்பட்டவை இத்தகைய உறைவிடப் பள்ளிகள். எளிய குடும்பத்துப் பிள்ளைகளையும் தேசியப் பாதுகாப்பு அகாதமிக்குத் தயார்செய்வதே நோக்கம். 2021-22 கல்வியாண்டு முதல் எல்லாச் சைனிக் பள்ளிகளிலும் மாணவிகளும் சேரலாம்.

சேர்வதற்கு இரண்டே வாசல்கள்: ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு. இரண்டுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை தேசியத் தேர்வு முகமை நுழைவுத் தேர்வு நடத்துகிறது. எந்த வாசலில் நுழைவது என்பதுதான் பெற்றோரை அலைக்கழிக்கும் கேள்வி.

மொழி இதில் பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் மட்டுமே; அதற்கு இடங்களும் காலியானால்தான் உண்டு. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பே உண்மையான வாய்ப்பு. "இப்போது சின்னப் பிள்ளை, எட்டாம் வகுப்பு முடியட்டும்" என்று தள்ளிப்போடுவது அந்தப் பிள்ளைக்குக் கதவைப் பாதி சாத்துவதாகும்.

ஆறாம் வகுப்பு வினாத்தாளில் 150 நிமிடத்தில் 125 வினாக்கள், 300 மதிப்பெண்கள். கணக்குக்கு மட்டும் 150. மீதி மொழி, பொது அறிவு, நுண்ணறிவு மூன்றுக்கும் தலா 50. நுண்ணறிவுப் பகுதியில் உருவ வரிசையில் அடுத்து வருவது எது, எழுத்துக் குறியீடு எதைக் குறிக்கிறது என்பன போன்றவை கேட்கப்படும். ஒன்பதாம் வகுப்புக்கும் கணக்கே பாதி: 400இல் 200. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

வயதுக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று ஆறாம் வகுப்புக்கு 10 முதல் 12 வயது, ஒன்பதாம் வகுப்புக்கு 13 முதல் 15 வயது இருக்க வேண்டும். ஜூன் மாதம் பிறந்து, ஐந்து வயது நிறைந்ததும் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு முடியும் மார்ச்சில் பத்து நிறைந்திருக்காது. அடுத்த ஆண்டு எழுதி, ஆறாம் வகுப்பை மறுபடி படிக்க நேரும். அதற்காக வருந்த வேண்டியதில்லை. தேசியப் பாதுகாப்பு அகாதமியில் சேர வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. அந்த ஓராண்டு தடையாகாது.

தேராடூனிலுள்ள ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி இடையில் இன்னொரு வாய்ப்பு. எட்டாம் வகுப்பில் சேர்க்கும் அதன் தேர்வு ஆண்டுக்கு இருமுறை. தமிழ்நாட்டில் அதை டிஎன்பிஎஸ்சி நடத்துகிறது.

வயது பொருந்திவிட்டால் மட்டும் போதாது. துணியைத் தானே துவைத்து, வேளைக்கு எழுந்து, அம்மாவைத் தேடினாலும் தாங்கிக்கொள்ளும் பக்குவம் பத்து வயதில் எல்லாருக்கும் வந்துவிடாது. விடுதி என்றாலே அழும் பிள்ளையை அனுப்புவது தவறு. ஓராண்டு பொறுக்க விதியே இடம் தருகிறது.

எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. அதில் பார்வைக் குறைபாடு தெரியவந்து மனம் உடையாமலிருக்க, பெற்றோர் விண்ணப்பிக்கும் முன்பே பிள்ளையைக் கண் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.