சூழல் மாறிகள்: யூனிக்ஸ் முதல் பிளான் 9 வரை

சூழல் மாறி என்பது ஒரு நிரல் ஓடத் தொடங்கும்போதே இயங்குதளம் அதனிடம் ஒப்படைக்கும், பெயரும் மதிப்பும் கொண்ட சிறு சரம் ஆகும். கட்டளைகளை எந்த அடைவுகளில் தேடுவது, பயனரின் இல்ல அடைவு எது போன்ற செய்திகள் இதன் வழியாகவே நிரல்களுக்குத் தெரியவருகின்றன.

இன்றைய வடிவில் இவ்வசதி 1979இல் பெல் ஆய்வுக்கூடத்தின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லுடன் சேர்ந்து வந்தது. அதற்கு முன் ஜான் மாஷியின் ஷெல்லில் ஒற்றையெழுத்துப் பெயர் கொண்ட மாறிகள் இருந்தன.

யூனிக்ஸில் ஃபோர்க் அழைப்பால் பிறக்கும் சேய்ச் செயல்முறை, தாயின் நினைவகத்தோடு சூழலையும் படியாகப் பெறுகிறது. எக்செக் அழைப்பு வேறு நிரலை ஏற்றும்போது, கருனி அச்சரங்களைப் புதிய நிரலின் நினைவகத்தில் வைக்கிறது. அதன்பின் இரண்டுக்கும் தொடர்பில்லை. சேய் செய்யும் மாற்றம் தாய்க்கு எட்டாது. தாய் பின்னர் செய்யும் மாற்றமும் சேய்க்குப் போகாது. ஆகவே இதைப் பகிர்வு என்பதைவிட மரபுரிமை என்பதே பொருந்தும். பாத் மாறியை மாற்றும் ஸ்கிரிப்ட் முடிந்ததும் மாற்றமும் மறைந்துவிடுவதைக் கண்டு புதியவர்கள் குழம்புவதுண்டு. போர்ன் ஷெல்லின் புள்ளிக் கட்டளை சேய் எதையும் பிறப்பிக்காமல், கோப்பின் வரிகளை அதே ஷெல்லுக்குள் இயக்குவதால் இச்சிக்கல் எழுவதில்லை. 1983இல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0 பதிப்பும் நிரலுக்கு ஒரு படி தரும் முறையையே கைக்கொண்டது.

உண்மையான பகிர்வைத் தந்தது, பெல் ஆய்வுக்கூடத்திலேயே உருவான பிளான் 9. அதில் ஒவ்வொரு மாறியும் ஒரு தனி அடைவில் உள்ள கோப்பு, படிக்கலாம், எழுதலாம். ஆர்ஃபோர்க் அழைப்பின்போது சூழலைப் படியெடுப்பதா, வெறுமையாகத் தொடங்குவதா, தாயுடன் பகிர்வதா என்று நிரலரே தேர்ந்தெடுக்கலாம். பகிர்ந்தால் ஒன்றின் மாற்றம் மற்றொன்றுக்கு உடனே தெரியும். இரண்டும் ஒரே மாறியில் எழுதினால் முந்தைய மதிப்பு அழியும் என்பது அதற்கான விலை. தெளிவான இந்த வடிவமைப்பு பரவலாகாமல் போனது இழப்பே.

யூனிக்ஸ் வழியில் படி தருவதும் முழுப் பாதுகாப்பு அன்று. பாஷ் ஷெல், சேய் ஷெல்களுக்குச் செயற்கூறுகளை அனுப்பவும் சூழல் மாறிகளையே பயன்படுத்தியது. மதிப்பில் செயற்கூறுக்குப் பின் ஒட்டிய கட்டளைகளையும் அது இயக்கிவிட்டது. 1989 முதல் இருந்த இக்குறை, 2014 செப்டம்பரில் ‘ஷெல்ஷாக்’ என்ற பெயரில் வெளிப்பட்டது. வலை வழங்கிகள் சிஜிஐ நிரல்களுக்கு உலாவியின் தலைப்புச் செய்திகளைச் சூழல் மாறிகளாகவே அளித்ததால், தொலைவிலிருந்தே வழங்கியில் கட்டளைகளை இயக்க முடிந்தது. பின்னர், செயற்கூறுகளைத் தாங்கும் மாறிகளுக்குத் தனிப் பெயர் முறை வகுக்கப்பட்டது.