ஈயத்தில் ஒரு வேண்டுதல்

பைஸாண்டியக் கடிதங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. மிஞ்சியவை, கட்டிய கயிற்றின்மேல் இரும்பு இடுக்கியால் நெரித்துப் பதித்த ஈய முத்திரைகள். வாஷிங்டன் டம்பார்ட்டன் ஓக்ஸில் மட்டும் சுமார் 17,000.

பலவற்றில் ஒருபுறம் தெய்வம் அல்லது புனிதர். மறுபுறம் அதிகாரியின் பெயர், பதவி. மரியாளின் உருவமே அதிகம்.

754இல் ஹியரியாவில் கூடிய சபை புனித உருவங்களைக் கண்டித்தது. முத்திரைகளிலிருந்து மரியாள் மறைந்தாள். அவளை அழைத்த குரல் மறையவில்லை. 'கடவுளின் தாயே, துணைசெய்' என்ற கிரேக்கச் சொற்களின் எழுத்துகள் சிலுவையாகப் பின்னிக் கிடக்கின்றன. நான்கு மூலைகளில் 'உன் அடிமைக்கு' என்பது அசையசையாக. இவ்வமைப்பு தடைக்கு முன்பே இருந்ததுதான். உருவம் போனபின் முழுப் பாரமும் எழுத்தின்மேல் விழுந்தது. உருவத்தை விலக்கிய அரசின் ஊழியர்களே அவளை இப்படி அழைத்தார்கள்.

787இல் தளர்ந்து, 815இல் மீண்டும் வந்த தடை 843இல் முடிந்தது. உருவம் திரும்பியது. வேண்டுதல் விலகிப் போய்விடவில்லை. பல முத்திரைகளில் விளிம்போரம் அவளைச் சுற்றி ஓடுகிறது.

படிமமா, சொல்லா என்று நாம் வழக்காடுகிறோம். அந்த ஊழியர்களுக்குக் கடிதம் பிரிபடாமல் போய்ச் சேரவேண்டும். ஒரு காசளவு ஈயத்தில் இரண்டுக்குமே இடமிருந்தது.