ஆயாவின் திரும்பு பயணச்சீட்டு: காலனியக் கால ஊதியப் பிணக்கு

சங்க அகப்பாடல்களில் செவிலி இன்றியமையா மாந்தர். தோழி அவள் மகளே எனத் தொல்காப்பியம் உறவு கூறும். எனினும் அவள் பெற்ற ஊதியம் யாது, அவள் பணிக்கு எல்லை யாது என்பன பாடுபொருளாகவில்லை. குழந்தை வளர்ப்பை அன்பின் மொழியில் மட்டுமே பேசும் இத்தகைய போக்கு காலனியக் கால ஆங்கிலேயர் இல்லங்களிலும் நிலவியது. அங்கு அப்போக்கு பணிமகளிர்க்குக் கேடாய் முடிந்ததும் உண்டு.

அவ்வில்லங்களின் பணிமகளைக் குறித்த ‘ஆயா’ என்னும் சொல் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. தாயைப் பெற்றவளைச் சுட்டும் செட்டிநாட்டு ‘ஆயா’வோடு இதனை மயங்குதல் கூடாது.

1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின் ஆங்கிலேயக் குடும்பங்களின் தாயகப் பயணங்கள் பெருகின. குழந்தைகளைக் கவனிக்க ஆயாவும் கப்பலேறினாள். கப்பலில் அவளுக்குப் பகல் இரவு என்ற வரையறை இல்லை. கோடைக்கு முன் இந்தியாவை விட்டுப் புறப்பட்ட குடும்பம் இங்கிலாந்தை அடைந்ததும் அவள் தேவை முடிந்தது. இந்தியா திரும்பும் குடும்பங்களோ பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே புறப்பட்டன. இடைப்பட்ட மாதங்களில் அவளுக்கு உணவும் உறையுளும் அளிக்க வேண்டியவர் யார் என்பதே பிணக்கின் முடிச்சு. கரை சேரும் வரைக்குமே ஊதியம் பேசப்பட்டது என்பது ஒரு சாராரின் வாதம். ஊருக்குத் திருப்பி அனுப்புவதாக வாக்களித்தனர் என்பது மறு சாராரின் முறையீடு. வாய்ச்சொல்லன்றிச் சான்று பெரும்பாலும் இல்லை. திரும்பு பயணச்சீட்டு வாங்கித் தந்தோர் பலர். சிறு தொகை கொடுத்து இலண்டனிலேயே கைவிட்டோரும் இருந்தனர். இந்திய மாலுமிகளைப் பேணித் திருப்பி அனுப்பும் பொறுப்பை 1823ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்திருந்தது. வீட்டுப் பணிமகளிர்க்கு அத்தகைய காப்பு இல்லை.

இந்நிலையில் இலண்டனின் ஆயாக்கள் விடுதி முதன்மை பெறுகிறது. ஆல்டுகேட்டில் இயங்கிய இவ்விடுதி 1900இல் ஆக்னி பகுதிக்கு மாறியது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 ஆயாக்கள் அங்குத் தங்கினர். அதன் ஏற்பாடு நுட்பமானது. அழைத்துவந்த குடும்பம் ஆயாவின் திரும்பு பயணச்சீட்டை விடுதியில் ஒப்படைக்கும்; இந்தியா செல்லவிருக்கும் வேறொரு குடும்பம் அதனைப் பணம் கொடுத்துப் பெற்று அவளைப் பணிக்கு அமர்த்தும்; அப்பணம் அவளது காத்திருப்புக் காலச் செலவை ஈடுகட்டும். நல்லெண்ணம் என்று வாளா பேசப்பட்டதற்கு இங்கே ஒரு விலை குறிக்கப்பட்டது எனலாம். ஆயின் சீட்டே இன்றி வந்தவளை இவ்வேற்பாடு தாங்காது. அவள் அறத்தொண்டையே சார்ந்திருக்க நேர்ந்தது. இடருற்ற குடியேற்றநாட்டு, இந்தியக் குடிகள் குறித்து ஆராய்ந்து 1910இல் அறிக்கையளித்த பிரித்தானியக் குழுவின் முன் இச்செய்திகளும் சாட்சியமாயின.

2022இல் ஆக்னிக் கட்டடத்தில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. ஆயினும் ஆயாக்கள் தரப்பை அவர்தம் சொற்களிலேயே அறிதல் அரிது. கப்பற் பயணியர் பட்டியல்கள் பலவற்றில் அவர்கள் பெயர்கூட இல்லை. முதலாளியம்மாளின் பெயரை எழுதி, அதனையடுத்து ‘ஆயா’ என்று மட்டுமே குறித்துள்ளனர்.